லெனாவுக்கு விடை கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இமேஜ் புராசஸிங் பாடம் எடுப்பவர்களுக்கும், அதன் லேபை நடத்துபவர்களுக்கும், பைனல் இயர் புராஜெக்ட்டுக்கு கைடாக இருப்பவர்களுக்கும், வைவாவுக்கு எக்ஸ்டர்னலாக வருபவர்களுக்கும்:



உங்களோடு ஒரே துறையில் பாடம் நடத்துகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் லேப் கம்ப்யூட்டர்களில் லெனா என்ற பெயரில் ஒரு படம் கிடக்கும். இறகு தொங்கும் தொப்பி அணிந்து, வெற்றுத் தோளின் மேலாகத் திரும்பிப் பார்க்கும் ஓர் இளம்பெண். ஃபில்டர் போட்டுக் காட்ட அந்தப் படம், கம்ப்ரஷனுக்கு அந்தப் படம், வாட்டர்மார்க்கிங்குக்கும் அதே படம். அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். படத்தை மட்டுமல்ல, அதை அங்கே கொண்டுவந்து வைத்த பார்வையையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறேன். இரண்டாவது கடினம் என்று தெரியும். அதனால்தான் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் வகுப்பில் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். மாணவிகள் முன் சொல்லக் கூசுகிற பூர்வீகம் ஒரு பாடப் படத்துக்கு இருக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள். 1973 கோடையில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சாச்சுக் என்ற உதவிப் பேராசிரியரும் உடனிருந்தவர்களும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக ஸ்கேன் செய்ய நல்ல படம் தேடிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான சோதனைப் படங்கள் அவர்களுக்கு அலுத்துவிட்டிருந்தன. பளபளப்பான தாளில், மனித முகம் உள்ள படமாக வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் பிளேபாய் இதழோடு உள்ளே வந்தார். 1972 நவம்பர் இதழ். அதன் நடுப்பக்க நிர்வாணப் படத்தின் மேல்பகுதியைக் கிழித்து ஸ்கேனரின் உருளையில் சுற்றினார்கள். அங்குலத்துக்கு 100 கோடு படிக்கும் கருவி அது. 512 கோடுகள் வேண்டியிருந்ததால் 5.12 அங்குலம் போதுமானதாக இருந்தது. படம் தோளோடு நின்றுவிட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கண்ணியம் கருதி யாரும் வெட்டவில்லை.

அந்த அறையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு அப்படி ஓர் இதழைக் கையில் எடுத்துவர ஒருவருக்குத் தயக்கமில்லை. அதையே வேலைக்குப் பயன்படுத்த மற்றவர்களுக்கும் தயக்கமில்லை. நாளைக்கு இந்தப் படத்தைப் பார்த்து ஒரு பெண்ணும் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்ற நினைப்பு அவர்களுக்கு எழவில்லை. ஒரு துறையில் யார் உட்காரப் போகிறார்கள், யார் பார்க்கப்படப் போகிறார்கள் என்பது இப்படித்தான், யாரும் தீர்மானிக்காமலே, தீர்மானமாகிவிடுகிறது.

இதை நான் கற்பித்துச் சொல்லவில்லை. இத்துறையின் முதன்மையான ஆய்விதழ்களில் ஒன்றான ஐ.இ.இ.இ. டிரான்சாக்ஷன்ஸ் ஆன் இமேஜ் புராசஸிங்கின் ஆசிரியராக இருந்த டேவிட் மன்சன், 1996 ஜனவரி இதழிலேயே இதைப் பற்றி எழுதினார். நுணுக்கமான இடம், சமதளமான இடம், நிழல் எல்லாம் கலந்திருப்பதால் அது சோதனைக்கு நல்ல படம் என்று முதலில் சொன்னார். பிறகு, படத்தில் இருப்பது அழகான பெண், ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அவர்கள் தங்களைக் கவர்ந்த படத்தின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். துறையின் உள்ளிருந்தே வந்த வாக்குமூலம் அது.

படத்தில் இருப்பவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த லெனா ஃபோர்ஸென் தன் தொழிலைச் செய்தார். தன் முகம் உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் சுற்றுவது பல ஆண்டுகள் அவருக்கே தெரியாது. 1997இல் பாஸ்டனில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அழைத்து வந்து அவரைக் கொண்டாடினார்கள். 2019இல் வெளிவந்த ‘லூசிங் லெனா’ ஆவணப்படத்தில், மாடலிங்கிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட தனக்குத் தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு கிடைக்கும் காலம் வந்துவிட்டது என்ற பொருளில் அவரே பேசினார். அதற்குப் பிறகும் அவரை வேலை வாங்குவது என்ன நியாயம்?

அதே 1997இல் இன்னொரு கௌரவமும் நடந்தது. அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் இனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அன்று அது போட்டுக் காட்டிய கணக்கை அமைத்தவர்கள் பெண்கள். கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன் என்ற ஆறு பேரும்தான் அந்த இயந்திரத்தின் புரோகிராமர்கள். அன்றிரவு விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களில் இனியாக் அருகே நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காகப் பக்கத்தில் நிற்கவைத்த மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் நம்பவில்லை. தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடித்தார். தொழில்நுட்பத்தில் சாதித்த பெண்களுக்கான கௌரவப் பட்டியல் ஒன்றில் அந்த ஆறு பேரும் சேர்க்கப்பட்டது 1997இல். வேலை முடிந்து 51 ஆண்டுகள் கழித்து.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், வேலை செய்த பெண்களை மாடல்கள் என்று ஒதுக்கினார்கள். இன்னொன்றில், ஒரு மாடலின் படத்தை வேலைக்கு நடுவே வைத்து அரை நூற்றாண்டு கொண்டாடினார்கள். பெண் கண்ணுக்குத் தெரிகிறாள், அவள் வேலை தெரிவதில்லை. நான் உங்களிடம் முறையிடுவது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

அது பழைய காலம் என்று சொல்லிவிடாதீர்கள். 2015இல் சான் பிரான்சிஸ்கோ நகர ரயில் நிலையங்களில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஆள் எடுப்பு விளம்பரம் வைத்தது. அதில் அங்கே வேலை பார்க்கும் ஐசிஸ் ஆன்சலி என்ற பொறியாளரின் படம் இருந்தது. இவ்வளவு அழகான பெண் பொறியாளராக இருக்க முடியாது, யாரோ மாடலை வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. இனியாக் பெண்களுக்குச் சொன்ன அதே சொல். பொறியாளர் இப்படித்தான் இருப்பார் என்று காட்ட உலகெங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் படங்களை வெளியிட்டார்கள். அழகாக இருந்தால் மூளை இல்லை என்பார்கள். இல்லாவிட்டால் வேறு குறை சொல்வார்கள். எப்படி இருந்தாலும் பேச்சு தோற்றத்தில் வந்து நிற்கிறது.

இனி நம் கல்லூரிகளுக்கு வருகிறேன். சிம்போசியம் என்றால் என்ன நடக்கிறது? பையன்கள் டெக்னிக்கல் ஈவென்ட் நடத்துகிறார்கள், சர்வரைப் பார்த்துக்கொள்கிறார்கள், பேப்பர் பிரசன்டேஷனை ஒருங்கிணைக்கிறார்கள். பெண்கள் ஒரே நிறப் பட்டுப்புடவையில் வாசலில் நின்று சந்தனமும் கல்கண்டும் நீட்டிப் பன்னீர் தெளிக்கிறார்கள். சீஃப் கெஸ்ட்டுக்குப் பூங்கொத்து கொடுக்க ஒரு பெண், காம்பியரிங் செய்ய ஒரு பெண். அதிலும் “கொஞ்சம் கலரா இருக்கிற பொண்ணாப் பாருங்க” என்று சொல்கிற குரலைக் கேட்காத கல்லூரி எத்தனை? புராஜெக்ட் குழுவில் நிரல் எழுதியவள் அவளாகவே இருந்தாலும், ரிவ்யூவில் அவளிடம் வருவது பி.பி.டி. பற்றிய கேள்வி. அல்காரிதம் பற்றிய கேள்வி பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. இதை நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை. கண் தானாக அந்தப் பக்கம் போகிறது. தானாகப் போகிற கண்ணைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவிகளுக்கு உடை விதிகள் கடுமையானவை. துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும், லெக்கிங்ஸ் கூடாது, தலைமுடியை விரித்துவிடக் கூடாது. துப்பட்டா சரியில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டுத் திட்டு வாங்கிய பெண் உள்ளே வந்து லேபில் உட்காருகிறாள். அவள் திரையில் பிளேபாய் நடுப்பக்கத்துத் தோள் விரிகிறது. அதில் எட்ஜ் டிடெக்ஷன் போட்டு ரெக்கார்டில் ஒட்டச் சொல்கிறோம். அவள் தோள் தவறு, இந்தத் தோள் பாடம். இந்த இரண்டு கட்டளைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை அவள் புரிந்துகொள்கிறாள். பெண்ணுடல் பார்க்கப்படுவதற்கே இருக்கிறது, எப்போது மறைக்கலாம் எப்போது காட்டலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள் என்பதே அந்தப் பாடம். பாடத்திட்டத்தில் இல்லாத அதை நாம்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

“வெறும் முகம்தானே மேடம், ஆபாசமாக என்ன இருக்கிறது?” என்று கேட்பீர்கள். அந்தப் பெயரைத் தேடினால் முழுப்பக்கமும் வரும் என்பது பின்பெஞ்சுப் பையன்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அடுத்து எழும் சிரிப்பு யார் காதில் விழுகிறது என்று பாருங்கள். 2015இல் வர்ஜீனியாவில் அறிவியலுக்குப் பெயர்போன ஒரு பள்ளியின் மாணவி, வகுப்பில் இந்தப் படத்தைப் பயன்படுத்தியபோது தனக்கு நேர்ந்ததை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதினார். ஒரு பள்ளி மாணவி பொதுவெளியில் வந்து சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவும் முடிந்தது. நம் மாணவிகள் சொல்வதில்லை. இன்டர்னல் மார்க் உங்கள் கையில். ரெக்கார்டில் கையெழுத்து உங்களுடையது. புராஜெக்ட்டை ஏற்பதும் திருப்புவதும் நீங்கள். இந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம், உனக்கு ஏதாவது சங்கடமா என்று கேட்டால், இல்லை சார் என்றுதான் வரும். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“சோதனைக்கு இதைவிட நல்ல படம் இல்லை” என்பீர்கள். நாம் பொறியாளர்கள், பொறியாளர்களாகவே பேசுவோம். அச்சிட்ட தாளிலிருந்து 1973இன் கருவியில் எடுத்த ஸ்கேன் அது. இன்றைய கேமரா தரும் படத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு படத்தில் நன்றாக வேலை செய்கிறது என்பது எந்த அல்காரிதத்துக்கும் சான்று அல்ல என்று நாமே வகுப்பில் சொல்கிறோம். 24 படங்கள் கொண்ட கோடாக் தொகுப்பு இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகம் செக்மென்டேஷனுக்காக வெளியிட்ட 500 படத் தொகுப்பு இருக்கிறது. டீனா நீடெல், ரேச்சல் வார்டு என்ற கணித ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் லெனாவை விலக்கிவிட்டு, ஃபேபியோ என்ற ஆண் மாடலின் படத்தை அனுமதி வாங்கிப் போட்டார்கள். அவர்கள் கணக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பைத்தானில் நாம் பயன்படுத்தும் சைபையிலும் சைகிட்-இமேஜிலும் ஒரு காலத்தில் லெனா இருந்தது. இன்று சைபையில் ஒரு ரக்கூன் விலங்கின் முகம் இருக்கிறது. சைகிட்-இமேஜில் இருப்பது விண்வெளி வீராங்கனை ஐலீன் காலின்ஸின் படம். 1999இல் விண்வெளி ஓடம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். அவர் முகம் நம் திரைக்கு வந்தது அவர் செய்த வேலையால்.

முகத்தை வைத்துச் சோதிக்கும்போது எந்த முகம் என்பது பெரிய கேள்வி. புகைப்படச் சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறங்களைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்களின் படங்களைத்தான் கடைகளுக்கு அனுப்பியது. ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்தச் சருமத்துக்குப் பொருந்திய அளவில் கறுத்த சருமம் சரியாக விழவில்லை. 2018இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் மூன்று நிறுவனங்களின் முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர்நிற ஆண்களிடம் தவறு 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எந்த நிறம் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் ‘கலரான’ பெண்ணைத் தேடும் கண்ணும், திரையில் வெளுத்த முகத்தையே அளவுகோலாக வைக்கும் கண்ணும் ஒன்றுதான். அந்த அளவுகோலில் தேறாத முகங்களை நாளைக்கு இயந்திரமும் தள்ளிவிடும். அந்த இயந்திரத்தைச் செய்யப் போகிறவர்கள் நம் மாணவர்கள்.

“உலகமே பயன்படுத்துகிறது” என்ற கடைசிச் சமாதானமும் இப்போது இல்லை. நேச்சர் நானோடெக்னாலஜி இதழ் 2018இலேயே லெனா உள்ள கட்டுரைகளை எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் ஐ.இ.இ.இ. தன் வெளியீடுகளில் அந்தப் படத்தை அனுமதிப்பதில்லை. நம் மாணவர்கள் பேப்பர் போட ஆசைப்படுவதே அங்கேதான். திருப்பி அனுப்பப்படும் படத்தை வைத்து இன்னும் பயிற்சி கொடுத்தால் இழப்பு அவர்களுக்கு. ஆனால் தடை வந்துவிட்டதே என்பதற்காக மட்டும் நீங்கள் மாறுவதை நான் விரும்பவில்லை. தடைக்குப் பயந்து எடுத்தால் ஒரு கோப்பு போகும். காரணம் புரிந்து எடுத்தால் ஒரு பழக்கம் போகும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

லேப் பொறுப்பாளர்களே, அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் எல்லாக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் அந்தக் கோப்பை நீக்குங்கள். லேப் மேனுவலைத் திருத்தி அச்சிடுங்கள். அதன் இடத்தில் இன்னொரு அழகிய முகத்தைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். மாணவர்களையே படம் எடுத்துவரச் சொல்லுங்கள். வாசலில் போட்ட புள்ளிக் கோலம் கோட்டையும் வளைவையும் கண்டுபிடிக்க எவ்வளவு பொருத்தமான படம்! கோபுரத்தின் சுதைச் சிற்பங்களில் இல்லாத நுணுக்கமா? பட்டுப்புடவையின் நெசவில் டெக்ஸ்சர் இருக்கிறது. மங்கிப்போன ஓலைச்சுவடியில் எழுத்தைப் பிரித்தெடுப்பது இன்றும் ஆய்வாளர்களைத் திணறடிக்கும் வேலை. மனித முகம் வேண்டுமென்றால், சம்மதம் எழுதி வாங்கி, எல்லா நிறத்திலும் எல்லா வயதிலும் ஆணும் பெண்ணுமாக வையுங்கள்.

கைடுகளே, லெனாவோடு வரும் புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திருப்பி, வேறு படங்களில் முடிவுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். எக்ஸ்டர்னல்களே, வைவாவில் அந்தப் படத்தைப் பார்த்தால், இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு பேட்ச்சில் நீங்கள் கேட்டுவிட்டால் அடுத்த பேட்ச் தானாக மாறிவிடும். நிரலை எழுதியது யார் என்று விசாரித்து, எழுதியவளைப் பார்த்து அல்காரிதத்தைக் கேளுங்கள். அவள் தடுமாறினால் பையனுக்குக் கொடுக்கும் அதே நேரத்தை அவளுக்கும் கொடுங்கள்.

துறைத் தலைவர்களே, அடுத்த சிம்போசியத்தில் பன்னீர்த் தட்டை யார் வேண்டுமானாலும் ஏந்தட்டும், பையன்களும் ஏந்தட்டும். டெக்னிக்கல் ஈவென்ட்டின் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். ஒரு மாணவியின் நிறத்தையும் உடம்பையும் வைத்து வேலை பிரிக்கும் பேச்சு உங்கள் அறையில் எழுந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அதற்குச் சுற்றறிக்கையோ கமிட்டியோ தேவையில்லை, நீங்கள் ஒரு வாக்கியம் பேசினால் போதும்.

இதற்கெல்லாம் பணம் தேவையில்லை, பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை. பாடத்திட்டத்தில் எங்கும் லெனா என்று எழுதியில்லை. அதை உள்ளே கொண்டுவந்தது நம் பழக்கம். வெளியே அனுப்பும் அதிகாரமும் நமக்கே இருக்கிறது. உங்களிடம் படிக்க வரும் பெண்களில் பலர் தம் குடும்பத்திலேயே முதல் பட்டதாரிகள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டி, பஸ் மாறி வந்து உட்காருகிறார்கள். என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத் தங்களை அளக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த வாரமே லேபுக்குப் போய்த் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் பணியாற்றும் ஓர் உதவிப் பேராசிரியை